நாலாவது ஆள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாமா இன்று என் கேமராவைக் கையில் வாங்கி, இரண்டு முறை ஏற்றி இறக்கி எடை பார்த்தார். விருதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணியோ ஆளோ, எதையும் அப்படித்தான் பார்ப்பார். "கனமாத்தான் இருக்கு. அப்ப நல்லா எடுக்கும்" என்றார். இதுவரை என்னைப் பற்றியோ என்னுடைய எதைப் பற்றியோ அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

எனக்கும் விசாகனுக்கும் ரெஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் ஆகி இரண்டு வருடம். மாமாவும் அத்தையும் இந்த மதுரை வீட்டுக்கு வருவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எங்கள் மகள் மகிழா பிறந்தபோது வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இன்று செருப்பைக் கழற்றினார்கள். அத்தை காபியில் முக்கால்வாசியை மிச்சம் வைத்தார். சர்க்கரை கூடிவிட்டது, என் தப்பு.

விஷயம் இதுதான். விசாகனின் தங்கை அபிநயாவுக்கு 29-ஆம் தேதி கல்யாணம்.

"தாலி கட்டுறது, வீடியோ எல்லாத்துக்கும் மாப்பிள்ள வீட்ல ஆள் வச்சிட்டாக. குரூப் போட்டோவும் ஆல்பமும் நம்ம பொறுப்பு. அதை நீயே பாத்துக்கம்மா. வீட்டுப் பொண்ணு இருக்கயில வெளியாளு எதுக்கு?"

வீட்டுப் பொண்ணு! அவர்கள் போனதும், "மாமா சொன்னதைக் கேட்டீங்களா?" என்று விசாகனிடம் கேட்டேன். "என்ன சொன்னாரு?" என்றார். அவர் அந்த நேரம் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

மகிழாவுக்கு முடியிறக்குவது பற்றியும் கேட்டுவிட்டேன். அவர்கள் வழக்கத்தில், குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் முன்னால் முதல் முடி இறக்கினால்தான் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. பதினோராவது மாதத்துக்குள் செய்ய வேண்டும். மகிழாவுக்கு அது செப்டம்பர் 20-ஆம் தேதி முடிகிறது. அதை விட்டால் மூன்றாம் வயதில்தான். அதற்குள் யார் என்ன சொல்லிவிடுவார்களோ.

"கல்யாணம் நல்லபடியா முடியட்டும்மா. அப்புறம் கோயிலுக்குப் போயிரலாம்" என்றார் மாமா.

நல்லபடியாக முடியாமல் என்ன? நான்தானே போட்டோ எடுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

பத்திரிகை வந்தது. நல்ல கெட்டி அட்டை. நான்கு பக்கம். தாய்மாமன்கள், அவர்கள் படித்த படிப்பு, கடைப் பெயர், கடை இருக்கும் தெரு எல்லாம் இருக்கிறது. "மணமகளின் அண்ணன்: ச. விசாகன், பி.இ." என்றும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

இடம் பற்றவில்லை போலும். தாய்மாமன் ஒருவருக்கு மூன்று பட்டம். அவர் ஒன்று குறைத்துப் படித்திருந்தால் 'சுகிர்தா' என்று நாலு எழுத்து உள்ளே போயிருக்கும்.

மகிழா பத்திரிகையின் ஓரத்தைத் தின்றுவிட்டாள். தங்கக் கலர் மை உடம்புக்கு ஆகுமா என்று டாக்டருக்கு வாட்ஸ்அப் செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

ஆகுமாம். அளவோடு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாமா குரூப் போட்டோ பட்டியல் அனுப்பியிருக்கிறார். நாற்பத்தாறு குரூப். யார் முதலில் மேடையேறுவது, யார் நாற்காலியில் உட்காருவது, யார் நிற்பது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதெல்லாம் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு நாட்டின் எல்லையை வகுத்தவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். ஒன்பதாவது குரூப்புக்கும் பத்தாவது குரூப்புக்கும் நடுவில் "ஐந்து நிமிடம் இடைவெளி விடவும். படியில் சந்திக்கக் கூடாது" என்று இருக்கிறது.

நான்காவது குரூப் 'குடும்பம்'. மாமா, அத்தை, விசாகன், பெண், மாப்பிள்ளை. ஐந்து பேர். கேமராவுக்குப் பின்னால் நான் இருப்பதால் என் பெயர் இல்லை. மகிழா என்னோடு இருப்பாள், அதனால் அவள் பெயரும் இல்லை. மாமா கணக்கில் தப்பு வராது.

அத்தை போன் செய்தார். "ஏம்மா, பட்டுச்சேலை எல்லாம் கட்டிக்கிட்டு வந்துராத. ஓடியாடி எடுக்கணும்ல? சுடிதார் போட்டுக்க. கருப்பா இருந்தாக்கூட நல்லதுதான். அழுக்குத் தெரியாது."

"கல்யாணத்துல கருப்பா அத்தை?"

"போட்டோ எடுக்கறவுக எல்லாம் அப்படித்தான போடுறாக? அப்புறம் தாலிச் செயினை வெளியே போட்டுக்காத. கேமரா வாருல மாட்டிக்கிரும்."

எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறார். எனக்கே தோன்றவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மகிழாவுக்கு 99.4. மறுபடி பார்த்தேன், 99.1. மறுபடி, 98.8. விசாகனுக்கு வைத்துப் பார்த்தேன், அவருக்கு 99.6. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். வேறு தெர்மாமீட்டர் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மா போனில், "எங்களுக்குப் பத்திரிகை வரலியேடி" என்றாள்.

"தபால்ல வரும்மா."

"கல்யாணம் வெள்ளிக்கிழமைடி."

"தபால்காரங்களுக்கு என்ன தெரியும்" என்றேன்.

பேட்டரி இரண்டும் சார்ஜ் போட்டாயிற்று. டயப்பர் பன்னிரண்டு. கிரைப் வாட்டர்.

ஆகஸ்ட் 28, வியாழன், விருதுநகர்

எனக்கும் மகிழாவுக்கும் லாட்ஜில் ரூம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் வீட்டு மாடியில் பாய் விரித்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் தனி ரூம், வெந்நீர் உண்டு. கேமரா சாமான் பத்திரமாக இருக்க வேண்டுமாம். லாட்ஜ் ரிசப்ஷனில் ரூம் லிஸ்ட் ஒட்டியிருந்தது. 'ரூம் 5: நாதஸ்வரம். ரூம் 6: போட்டோ. ரூம் 7: மேக்கப்.' நான் ஆறு.

விசாகன் வீட்டிலேயே தங்கிவிட்டார். பெண்ணின் அண்ணன் என்றால் எவ்வளவு வேலை!

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்னும் கால் வீங்கித்தான் இருக்கிறது. மதுரை வந்து சேர்ந்து, மகிழாவைக் குளிப்பாட்டி, உச்சந்தலையிலிருந்து குங்குமம், கன்னத்திலிருந்து மூன்று கலர் லிப்ஸ்டிக் எல்லாம் எடுத்து, தூங்கவைத்துவிட்டு உட்காருகிறேன்.

தாலி கட்டி முடிந்ததும் மேடை என் கைக்கு வந்தது. முதல் ஐந்து குரூப்பும் பட்டியல்படியே நடந்தன. குடும்ப போட்டோவில் மாமா மூச்சை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் 'ஓகே' சொல்லும்வரை விடவில்லை. ஆறாவது குரூப்பில்தான் பிரச்சினை. தென்காசியிலிருந்து வந்த பெரியத்தை தனியாக மேடையேறினார். புருஷன் இல்லாதவர், பிள்ளைகள் வெளியூரில். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் போய் நின்றார். நான் கேமராவைத் தூக்கினேன்.

"நிறுத்து!" என்று அத்தை அலறினார். நாதஸ்வரமே ஒரு நொடி நின்றுவிட்டது. "மூணு பேரா நிக்கிறாகம்மா! மூணு பேரா எடுக்காத!"

அத்தைக்கு இது விளையாட்டு இல்லை. விசாகன் முன்பே சொல்லியிருக்கிறார். எண்பத்தொன்பதில் அத்தையும் அவர் அக்காவும் தம்பியும் மூன்று பேராக ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்டார்கள். தம்பி நடுவில். அதே வருடம் ஐப்பசியில் தம்பி லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். அந்தப் படத்தை அத்தை இன்றுவரை வீட்டில் மாட்டவில்லை, கிழிக்கவும் இல்லை.

"நாலாவதா யாராச்சும் ஏறுங்க" என்று மாமா கூப்பிட்டார். ஏறத்தான் ஆள் இல்லை. ஒரு சித்தி எழுந்தார். "நீங்க போனா, அந்தப் பக்கம் சித்தியக் கூப்பிடலன்னு பேச்சு வரும்" என்று யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒரு மச்சான் எழுந்தார். பெரியத்தையே, "அவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். யார் நின்றாலும் அது ஒரு அர்த்தமாகிவிடுகிறது. யார் நின்றாலும் எந்த அர்த்தமும் வராத ஆள் அந்த மண்டபத்திலேயே ஒருத்திதான் இருந்தாள். என் காலடியில் விரித்திருந்த துண்டில் உட்கார்ந்து லென்ஸ் மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அத்தை மேடையிலிருந்து இறங்கி வந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகிழாவைத் தூக்கினார். அவர் அவளைத் தூக்குவது இதுதான் முதல் தடவை. கொண்டுபோய்ப் பெரியத்தை இடுப்பில் வைத்தார். "ம். நாலு. இப்ப எடு."

எடுத்தேன். படம் ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தேன்.

அதற்குப் பிறகு என் மகளுக்கு ஓய்வே இல்லை. தனியாக மேடையேறுகிறவர்கள் எவ்வளவு பேர்! புருஷனைக் கடையில் விட்டுவிட்டு வந்தவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டு வந்தவர்கள், மாப்பிள்ளையின் ஆபீஸ் மேனேஜர், ஒரு எல்ஐசி ஏஜென்ட். ஒவ்வொருவர் கையிலும் மகிழா. "நாலாவது எங்க? நாலாவதைக் கொண்டாங்க!" என்று மாமா மைக்கிலேயே கூப்பிட்டார். மேனேஜர் தன் வாழ்நாளில் குழந்தையைத் தூக்கியதே இல்லை போலிருக்கிறது, சிலிண்டரைப் பிடிப்பதுபோல் பிடித்தார். மகிழா ஒருமுறைகூட அழவில்லை. கேமரா எங்கே இருக்கிறதோ அங்கே பார்த்தாள். அங்கே நான் இருந்தேன்.

நடுவில் அவளுக்குப் பால் கொடுக்கக் காய்கறி அறைக்குள் போனேன். மாப்பிள்ளையின் அம்மா வள்ளிமயில் அம்மாள் ஏதோ தேடிக்கொண்டு வந்தார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பூசணிக்காயைக்கூட உயர வரிசையில் அடுக்கச் சொல்லும் குரல்.

"உன் பிள்ளையாம்மா? வேலைக்குப் போற எடத்துக்கெல்லாம் தூக்கிட்டு அலையற. பாத்துக்க வீட்ல ஆளுக இல்லியா?"

"எல்லாரும் இருக்காங்கம்மா" என்றேன்.

"இருந்து என்ன பண்ண? சரி, சாப்பிட்டுட்டுப் போ. போட்டோக்காரங்களுக்குக் கடைசிப் பந்தி."

மேளச் சத்தத்தில் அவருக்கு என்னை யாரும் சரியாக அறிமுகப்படுத்தியிருக்க மாட்டார்கள். அபிநயாவும்கூட மேடையில் என்னை, "போட்டோ அக்கா, இந்தப் பக்கம் ஒண்ணு" என்றாள். வீட்டில் 'மதினி' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணப் பதற்றம்.

வள்ளிமயில் அம்மாளுக்கு விசாகனை ரொம்பப் பிடித்துவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு போய், "இந்தத் தம்பியத் தனியா ஒண்ணு எடு. முகத்துல வெளிச்சம் விழணும். பல்லு தெரியாம சிரிக்கச் சொல்லு" என்றார். விசாகன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நேரா பாருங்க சார்" என்றேன் விளையாட்டாக. அவருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் படம் அழகாக வந்திருக்கிறது. வாசல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். அந்த அம்மாள் அங்கேயே தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

கடைசிப் பந்தியில் வீடியோக்காரர்களோடு சாப்பிட்டேன். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மகிழாவுக்குச் சளி. எத்தனை கை மாறியிருக்கிறாள்! ஆவி பிடிக்கவைக்கலாமா கூடாதா என்று மூன்று பேரைக் கேட்டு மூன்று பதில் வாங்கினேன்.

படங்களைப் பிரித்தேன். மொத்தம் எண்பத்திரண்டு குரூப் போட்டோ. அதில் மகிழா முப்பத்தேழில் இருக்கிறாள். பெண், மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது அவள்தான். அத்தை, மாமா, அபிநயா மூன்று பேர் மட்டும் நின்ற படத்திலும் இருக்கிறாள். அத்தை இடுப்பில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகிழாவுக்கும் மாமாவுக்கும் ஒரே காது. மேலே மடங்கிய காது.

நான் ஒன்றில்கூட இல்லை. எடுக்கிறவர் இருக்க முடியாது, இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

அத்தை போன்.

"ஏம்மா, ஒரு சின்ன வேலை. சம்பந்தியம்மா போட்டோ எல்லாம் பாத்தாக. போட்டோ எடுத்த பொண்ணோட பிள்ளை எதுக்கு எல்லாத்துலயும் நிக்குதுன்னு கேக்காக. எடுத்துருன்னு சொல்லிட்டாக. உனக்குத்தான் கம்ப்யூட்டர்ல அழிக்கத் தெரியுமே."

"எதை அத்தை?"

"அதத்தாம்மா. பிள்ளைய."

மூக்கடைப்பில் மகிழா கர் கர் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியாகத்தான் கேட்டது.

செப்டம்பர் 6, சனி

விசாகனிடம் கேட்டேன். குக்கரைத் துலக்கிக்கொண்டே சொன்னார். கேட்காமலே அவர் குக்கரைத் துலக்கப் போனால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா அவங்ககிட்ட எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருக்காரு. அபி கல்யாணம் நின்னுரக் கூடாதேன்னு. மெல்லச் சொல்லிக்கலாம்னாரு."

"நான் யாராம்?"

"போட்டோ எடுக்க வந்தவங்க."

"இது எப்பத்திலருந்து உங்களுக்குத் தெரியும்?"

குக்கர் ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. மறுபடியும் துலக்கினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. துணி காயவில்லை. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

கருப்புச் சுடிதாரைப் பழைய துணிக்காரனுக்குப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாமாவே பேசினார். "இன்னும் பத்து நாள் பொறுத்துக்கம்மா. ஞாயித்துக்கிழமை சம்பந்தியம்மா ஆல்பம் பாக்க நம்ம வீட்டுக்கு வாராக. அது முடிஞ்சதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிரலாம். பங்காளிகளுக்குச் சொல்லிருதேன். நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை 19-ஆம் தேதி. ஒரு நாள் மிச்சம்.

சரி மாமா என்றேன். பிறகு, அழிக்க ஆரம்பித்தேன். அத்தை, மாமா, அபிநயா இருக்கும் படத்தைத்தான் முதலில் எடுத்தேன். அத்தை இடுப்பிலிருந்து மகிழாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேலை மடிப்பை வரைந்து, வளைந்திருந்த கையை நேராக்கினேன். ஒன்றரை மணி நேரம். நல்ல வேலை. யாரும் கண்டுபிடிக்க முடியாது. அத்தைக்கு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் போன்.

"என்னம்மா இது! மூணு பேரா நிக்கிறோம்! அபி நடுவுல நிக்கா!"

"நீங்கதான் அத்தை அழிக்கச் சொன்னீங்க."

"அழிக்கச் சொன்னேன், மூணாக்கச் சொன்னேனா? புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு, நடுவுல... ஏங்க, இங்க வாங்க, இதப் பாருங்க!"

மாமா குரல் பின்னால் கேட்டது. "நாலாவதா ஒரு குத்துவிளக்க வரைஞ்சிரச் சொல்லு."

"குத்துவிளக்கு கணக்குல வராது. உசுரு இருக்கணும்."

"அப்ப விசாகனை வச்சிரு."

"முப்பத்தேழுலயுமா? ஒரே மாதிரி நின்னுக்கிட்டா?" பிறகு போனுக்குத் திரும்பினார். "எம்மா. திரும்ப வச்சிரு. இப்பவே வை. எனக்கு அனுப்பு."

திரும்ப வைத்தேன். அது ஒரு நிமிட வேலை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்றைக்காவது.

காலையில் மஞ்சள் பட்டு கட்டிக்கொண்டு விருதுநகர் போனேன். அத்தை மேலும் கீழும் பார்த்தார். ஆல்பத்தின் பக்கங்களை லேப்டாப்பில் காட்டுவதற்காக என்னைக் கூடத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். மகிழாவை விசாகன் உள்ளறையில் வைத்திருந்தார். பதினோரு மணிக்கு வள்ளிமயில் அம்மாள் வந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஆறாவது குரூப்பில் நின்றுவிட்டார்.

"இந்தப் பிள்ளைய எடுக்கச் சொன்னேனே சம்பந்தி. எங்க ஆளுக ஒவ்வொருத்தரும் கேக்கிறாக, யாரு பிள்ளை, யாரு பிள்ளைன்னு."

அத்தை சேலைத் தலைப்பைத் திருகினார். "எடுத்தா மூணாயிருது சம்பந்தியம்மா."

வள்ளிமயில் அம்மாள் விரலை வைத்து எண்ணினார். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர், இரண்டு தடவை எண்ணினார். "ஆமா. மூணு ஆகாது. எங்கம்மாவும் விட மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி, இருக்கட்டும். ஆனா யாருன்னு கேட்டா என்னன்னு சொல்ல? போட்டோக்காரப் பொண்ணோட பிள்ளை எங்க மகன் கல்யாண ஆல்பம் பூரா நிக்குதுன்னா சொல்ல முடியும்?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை, யாரும் எதிர்பார்க்காமல், "எங்க பேத்தின்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னபிறகு அவரே பயந்துபோனார். கண் படத்தில்தான் இருந்தது, நடுவில் நிற்கும் அபிநயா மேல்.

"பேத்தியா?" என்றார் வள்ளிமயில் அம்மாள். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மாமாவின் காதைப் பார்த்தார். "இந்தப் பொண்ணோட பிள்ளை உங்களுக்கு எப்படிப் பேத்தி?"

"பேத்தி மாதிரின்னு சொல்ல வந்தா" என்றார் மாமா. "மாதிரி. நம்ம வீட்டுக்கு அடிக்கடி வந்து போற பொண்ணு. பழக்கம்." என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வெள்ளிக்கிழமை, பங்காளிகள், கோயில் எல்லாம் அந்தப் பார்வைக்குள் இருந்தன. நான் தலையாட்டினால் போதும். உள்ளறையிலிருந்து மகிழா என் குரல் கேட்காமல் சிணுங்குவது கேட்டது.

"மாதிரி இல்லம்மா" என்றேன். "பேத்தியேதான். நான் விசாகனோட சம்சாரம். ரெண்டு வருஷம் ஆச்சு."

மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயந்தவர், ஆன கல்யாணம் உடையுமோ என்று இப்போது பயந்துகொண்டிருந்தார். எனக்கும் பயம்தான். அபிநயாவை நினைத்தும் பயம்.

வள்ளிமயில் அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "ஐயையோ! அந்தத் தம்பி போட்டோவை நான் ஏழு வீட்டுக்கு அனுப்பியிருக்கேனே!"

போனை எடுத்து எண்ணிப் பார்த்தார்.

"ஏழு வீடு! ரெண்டு வீட்ல ஜாதகம் பொருந்திருச்சுன்னு சொல்லிட்டாக. ஜாதகம் குடுத்தது நீங்கதான சம்பந்தி?"

மாமா இன்னும் மின்விசிறியைத்தான் பார்த்தார். அந்த ஜாதகம் எனக்கும் புதுசு. உள்ளறை வாசலில் மகிழாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற விசாகனைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் புதுசுதான் போலிருந்தது. இந்த மட்டிலாவது.

"அந்தப் போட்டோவ எடுத்ததும் நான்தாம்மா" என்றேன்.

"நல்லா எடுத்திருந்தியே! அதான் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு!" என்று என் மேலேயே கோபப்பட்டார். அப்புறம், "நீ என்ன ஊரு? என்ன ஆளுக?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. அதெல்லாம் அப்புறம். என் மகனுக்கு உங்க பொண்ணப் பிடிச்சுருக்கு, அதுல நான் தலையிட மாட்டேன். இப்ப ஏழு வீடு. வள்ளிமயில் டீச்சர் கல்யாணம் ஆனவனுக்குப் பொண்ணு பாத்தான்னு நாளைக்கு ஊரே பேசும். உடனே இன்னொரு போட்டோ அனுப்பணும். எந்திரி. தம்பி, நீங்களும் வாங்க. பிள்ளையோட மூணு பேரும் அந்தச் சுவரோரமா நில்லுங்க."

போனைத் தூக்கிக்கொண்டார். நின்றோம். விசாகனிடமிருந்து மகிழாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மகிழா நடுவில்.

"மூணு பேரா நிக்காதீக!" அத்தையின் அலறல். "பிள்ளை நடுவுல இருக்கு!"

எல்லோரும் நாலாவது ஆளைத் தேடினார்கள். நாலாவது ஆளாக எப்போதும் நிற்பவள் என் இடுப்பில் இருந்தாள். "பக்கத்து வீட்ல யாராச்சும் இருக்காகளான்னு பாருங்க" என்று மாமா வாசலுக்குக் கிளம்பினார்.

"எதுக்குப் பக்கத்து வீடு? நீங்க போய் நில்லுங்க சம்பந்தி" என்று வள்ளிமயில் அம்மாள் அத்தையைக் காட்டினார். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே மாமாவிடம், "பிள்ளைக்கு முடி இறக்கியாச்சா?" என்றார்.

"வர்ற வெள்ளிக்கிழமை" என்றார் மாமா.

"தாய்மாமனுக்குச் சொல்லியாச்சா? அவரு மடியிலதான உக்கார வைக்கணும்?"

"இன்னிக்கே சொல்லிருதேன்" என்றார் மாமா. என் தம்பியின் நம்பர்கூட அவரிடம் இல்லை. என்னிடம்தான் கேட்டு வாங்கினார்.

அத்தை கையைச் சேலையில் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாத கை. மெல்ல வந்தார். எங்கள் வரிசையில், கடைசியாக, எனக்கு அந்தப் பக்கம் நின்றார்.

வள்ளிமயில் அம்மாள் எடுத்து, ஏழு வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, எனக்கும் ஒன்று அனுப்பினார். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாய்ந்திருக்கிறது. ஒரு மூலையில் அவருடைய கட்டைவிரல். விசாகன் கண்ணை மூடியிருக்கிறார். மகிழா மட்டும்தான் கேமராவைப் பார்க்கத் தெரிந்தவள்போல் பார்க்கிறாள். அத்தை கேமராவைப் பார்க்கவே இல்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம், அவ்வளவு இடைவெளி.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று யாராவது சொல்லியிருக்கலாம். எப்போதும் அதைச் சொல்வது நான்தான். இந்த முறை நான் படத்துக்குள் இருந்தேன்.